ஆன்ஸாக் தினம்: தோற்ற சண்டைக்கு ஏன் விடியற்காலை எழுந்திருக்க வேண்டும்?

17 ஏப்ரல் 2024, காலை. வாசகர் ஒருவர் கேட்டது:

சிட்னிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அடுத்த வியாழன் ஆன்ஸாக் டே, லீவு என்றார்கள். சந்தோஷத்தில் மேனேஜரிடம் ‘ஹேப்பி ஆன்ஸாக் டே’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு ‘ம்’ என்றார், அவ்வளவுதான். கூகுளில் தேடினால் அது இவர்கள் தோற்ற சண்டை என்று வருகிறது. தோற்றதைப் போய் யாராவது கொண்டாடுவார்களா? நம்மைப் போல வந்தவர்கள் அங்கே போகலாமா, போனால் ஏதாவது நினைப்பார்களா?

17 ஏப்ரல், இரவு

முதலில் அந்த ‘ஹேப்பி’யை எடுத்துவிடுங்கள். துக்க வீட்டில் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொன்ன கதை அது. மேனேஜர் ‘ம்’ என்றதோடு விட்டது பெரிய மனசு.

கொண்டாட்டம் இல்லை, அனுசரிப்பு. 1915 ஏப்ரல் 25 விடியற்காலை ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் கரை இறங்கின. அந்த இரண்டு நாட்டுப் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்துகளைக் கோத்தால் ஆன்ஸாக். டார்டனெல்ஸ் நீரிணையைத் திறந்து, கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து, துருக்கியை முதல் உலகப் போரிலிருந்தே கழற்றிவிடலாம் என்பது லண்டனில் போட்ட கணக்கு. மேலே துருக்கியர், கீழே கடல், நடுவில் செங்குத்தான மேடுகள். எட்டு மாதம் அங்கேயே முட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

அந்த எட்டு மாதத்தில் ஒழுங்காக நடந்த காரியம் திரும்பி வந்ததுதான். டிசம்பரில் ராத்திரி ராத்திரியாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். பதுங்குகுழியில் ஆள் இருப்பதாகக் காட்ட ஒரு தந்திரம். இரண்டு தகர டின். மேல் டின்னில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கீழ் டின்னில் விழும். கீழ் டின் துப்பாக்கி விசையோடு கயிற்றில் கட்டியிருக்கும். கனம் ஏறியதும் தானாக வெடிக்கும். ஆள் படகேறிப் போன பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியர் எட்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், நியூசிலாந்துக்காரர்கள் 2,700க்கும் மேல். ஊரைக் காத்த துருக்கியர் பக்கம் எண்பதாயிரத்தைத் தாண்டும்.

17 ஏப்ரல், இரவு, இன்னும் கொஞ்சம்

கேள்வியின் கடைசிப் பகுதியை மறந்துவிட்டேன். போகலாம். யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். செல்போனை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள். ஏன் சொல்கிறேன் என்று பிறகு எழுதுகிறேன்.

18 ஏப்ரல்

ஏன் விடியற்காலை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கரை இறங்கியது விடியலில் என்பது ஒரு காரணம். இன்னொன்று, படையில் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். அரைகுறை வெளிச்சத்தில் எதிரி வருவான் என்று இருட்டிலேயே எல்லாரையும் எழுப்பி, துப்பாக்கியோடு பேசாமல் நிற்க வைப்பார்கள். போர் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பலருக்கு அந்த நேரத்தில் தூக்கம் கலைந்தது.

சிட்னிக்கு ஒரு கதை உண்டு. 1927இல் விடிய விடிய விருந்து முடிந்து மார்ட்டின் பிளேஸ் வழியாக வந்த சில முன்னாள் வீரர்கள், முடியாமல் கிடந்த நினைவுச் சின்னத்தின் முன் ஒரு கிழவி தனியாகப் பூ வைப்பதைப் பார்த்தார்களாம். அவர்களும் தலை குனிந்து பக்கத்தில் நின்றார்களாம். அடுத்த வருஷம் அதே நேரத்துக்கு நூற்றைம்பது பேர் அளவில் கூடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனிக்காரர்கள் எங்கள் பாதிரியார்தான் முதலில் தொடங்கினார் என்பார்கள். எந்த ஊர்த் தேர் முதல் தேர் என்ற சண்டை மாதிரி, இது தீராது.

எனக்கு அந்தக் கிழவி போதும். நாள் குறித்தது, ஊர்வலம் விட்டதெல்லாம் அரசாங்கம், முன்னாள் வீரர்கள் சங்கம். விடியற்காலையை அதில் சேர்த்தது தூக்கம் வராத யாரோ ஒருத்தி.

18 ஏப்ரல், இரவு

சரி, செல்போன் கதை.

2009, எனக்கு முதல் தடவை. மார்ட்டின் பிளேஸில் இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. பிரார்த்தனை, நாலு வரிக் கவிதை, பிறகு ஊதுகொம்பு. அது பகல் முடிந்ததென்று பாசறையில் ஊதும் மெட்டு. அது நின்றதும் மௌனம். அந்த மௌனத்தில் என் பாக்கெட்டிலிருந்து சுப்ரபாதம். தினமும் எழுப்புகிற அலாரம். குளிருக்கு இரண்டு சட்டை, மேலே கோட்டு. எந்தப் பையில் வைத்தேன் என்று தெரியாமல் தடவித் தடவித் தேடுகிறேன், அது பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போகிறது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாம் முடிந்து கலையும்போது முன்னால் நின்ற பெரியவர், கோட்டின் இரண்டு பக்கமும் பதக்கம், என்னிடம் கேட்டார்: ‘அது என்ன பாட்டு?’ சாமியை எழுப்புகிற பாட்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இங்கேயும் மௌனம் முடிந்ததும் எழுப்புவதற்கு ஒன்று ஊதினார்களே, கேட்டீர்களா?’ என்றார். கேட்டிருந்தேன். அது அதற்குத்தான் என்று தெரிந்திருக்கவில்லை.

20 ஏப்ரல்

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் சலித்துக்கொண்டிருக்கிறார். எம்டன்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் கப்பல். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. வால் பையனை ‘சரியான எம்டன்’ என்று என் பாட்டி திட்டுவாள். அது கப்பல் பேர் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. அந்த எம்டனை முடித்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, 1914 நவம்பர் 9, கொக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில். சிட்னி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? ஆல்பனியிலிருந்து நவம்பர் 1ஆம் தேதி கிளம்பிய துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள்தான் பின்னால் கலிப்போலியில் இறங்கினார்கள். வழியில் கொழும்பில் நின்று, அப்புறம் எகிப்து.

ஆக, சென்னையை விரட்டிய எம்டனின் கதையை முடித்தது ஆன்ஸாக் பையன்களுக்குக் காவல் வந்த கப்பல். எம்டனின் பீரங்கி ஒன்று மார்ட்டின் பிளேஸில் இருக்கிறது, போனால் பாருங்கள்.

21 ஏப்ரல்

தவறு. பீரங்கி மார்ட்டின் பிளேஸில் இல்லை. ஹைட் பார்க்கின் தென்கிழக்கு மூலை, ஆக்ஸ்ஃபோர்ட் தெருவும் காலேஜ் தெருவும் சேரும் இடம். நேற்று எழுதியதை நம்பி யாரும் போய்த் தேடியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்னொன்று, எம்டனை ‘மூழ்கடித்தது’ என்று சிலர் பதில் எழுதியிருக்கிறீர்கள். மூழ்கவில்லை. அடிபட்ட பிறகு அதன் கேப்டனே பவளப்பாறையில் ஏற்றித் தரைதட்ட வைத்தார்.

21 ஏப்ரல், மாலை

ஆன்ஸாக் பிஸ்கட். ஓட்ஸ், மைதா, சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப், சமையல் சோடா, தேங்காய்த் துருவல். முட்டை கிடையாது, அதனால் சைவம் கேட்டவர்கள் தைரியமாகச் சாப்பிடலாம். வீட்டுப் பெண்கள் சுட்டுக் கலிப்போலிக்கு அனுப்பியது என்பது அழகான கதை. அங்கே பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது பல்லை உடைக்கிற காய்ந்த ரொட்டி. ஊறவைத்துக் கஞ்சி மாதிரி ஆக்கித் தின்றார்கள். தேங்காயும் பின்னால் வந்து சேர்ந்ததுதான். தேங்காய் இல்லாமல் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று என் மனைவி கேட்கிறாள்.

‘ஆன்ஸாக்’ என்ற சொல்லுக்கே இங்கே 1921லிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு. கடைக்கு, வீட்டுக்கு இஷ்டப்படி அந்தப் பெயரை வைக்க முடியாது. பிஸ்கட்டை விற்கலாம், ஆனால் பழைய செய்முறையை விட்டு விலகக் கூடாது, ‘குக்கீ’ என்று எழுதவும் கூடாது. என் மனைவி ஏலக்காய் போடுகிறாள். விற்காதவரை தப்பில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

23 ஏப்ரல்

இந்தியர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். முதல் நாளே இறங்கினார்கள். மலைப் பீரங்கிப் படை, கழற்றிக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றுகிற பீரங்கிகளோடு. தண்ணீர், தோட்டா, சாப்பாடு எல்லாம் மேட்டின் மேலே போனது இந்தியக் கோவேறு கழுதைக்காரர்களால். 14ஆம் சீக்கியர் படை 1915 ஜூன் 4 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய அழிந்தது. கூர்க்கா படைகளும் இருந்தன. மொத்தம் ஐயாயிரம் பேர் என்றார்கள் பழைய கணக்கில், இப்போது பதினைந்தாயிரத்துக்கு மேல் என்கிறார்கள்.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த பெயர் சிம்ப்சன். காயம்பட்டவர்களைக் கழுதை முதுகில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர். மே 19 அன்று சுடப்பட்டு இறந்தார், இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் தன் பிரிவை விட்டுவிட்டுத் தங்கியதும் சாப்பிட்டதும் இந்தியக் கோவேறு கழுதைக்காரர்களோடு. என் மகன் மூன்றாம் வகுப்பில் வரைந்த படத்தில் சிம்ப்சன், கழுதை, கழுதைக்குத் தொப்பி எல்லாம் இருந்தது. ரொட்டி சுட்டுக்கொடுத்தவர்கள் இல்லை.

23 ஏப்ரல், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘நம்மவர்களும் இருந்தார்கள், ஆகவே நமக்கும் பங்கு உண்டு’ என்ற தொனி வந்துவிட்டது, பிடிக்கவில்லை. பஞ்சாபிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போனவர்கள். தஞ்சாவூர்க்காரன் நான் அவர்களை நம்மவர் என்பது கொஞ்சம் இழுத்த உறவு. வெள்ளைக்காரன் சம்பளத்துக்கு, வெள்ளைக்காரன் சண்டைக்கு, தங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத துருக்கியனோடு போய் மோதினார்கள். அந்தக் கடைசி வரி ஆஸ்திரேலியர்களுக்கும் பொருந்தும் என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது. இன்னொன்று: ஆஸ்திரேலியப் படையில் கட்டாயச் சேர்ப்பு இல்லை. 1916, 1917 என்று இரண்டு முறை மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள், இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். போனவர்கள் தாங்களாகப் போனவர்கள்.

பங்கு இருந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை. தெருவில் ஒரு சாவு என்றால் சொந்தமா என்று கேட்டுவிட்டா போய் நிற்கிறோம்?

24 ஏப்ரல்

நடுகல் பற்றிக் கேட்டவருக்கு. எனக்கும் முதலில் நினைவு வந்தது அதுதான். செங்கம் பக்கத்துக் கற்களில் இன்ன அரசன் ஆட்சியில் இத்தனையாவது ஆண்டு, இன்னார் மகன், மாடு மீட்கப் போய்ப் பட்டான், அவ்வளவுதான் இருக்கும். ஜெயித்தானா என்பது பல கற்களில் பேச்சே இல்லை. இங்கே ஒவ்வொரு சின்ன ஊரிலும் ஒரு தூண் இருக்கிறது, ரயிலடிக்கோ தபாலாபீசுக்கோ எதிரில். அதிலும் பெயர் வரிசை மட்டும்தான். மூன்று தெரு உள்ள ஊரில் ஒரே குடும்பப் பெயர் நாலு முறை வந்தால் அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டியதில்லை.

சிம்ப்சனின் கழுதை போல நம்மிடம் ஒரு நாய் இருக்கிறது. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலம். எசமான் செத்த இடத்தில் நின்று கள்ளர்களைக் கடித்த நாய், பெயர் கோவிவன். நாய்க்கும் உருவம் வெட்டி, பெயரையும் எழுதியிருக்கிறார்கள். சிம்ப்சன் கழுதைக்கு ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.

24 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

ஆனால் ஒன்று. நடுகல்லுக்குப் பூவும் படையலும் கள்ளும் உண்டு. அதியமான் கல்லுக்குக் கள் ஊற்றியதை ஔவை பாடியிருக்கிறாள். இங்கே சாமியாக்கவில்லை, மௌனம்தான் என்று எழுத வந்தேன். அப்புறம் விடியல் கூட்டம் முடிந்ததும் காப்பியில் ரம் ஊற்றிக் கொடுப்பது ஞாபகம் வந்தது. கள்ளை இவர்களும் விடவில்லை, உயிரோடு இருப்பவனுக்கு ஊற்றுகிறார்கள்.

25 ஏப்ரல்

போய் வந்தாகிவிட்டது. அலாரத்தை அணைத்திருந்தேன். தூக்கம் வருகிறது, பிறகு.

26 ஏப்ரல்

நேற்று மத்தியானம் டூ-அப் ஆடியதையும் சொல்லிவிடுகிறேன், மனைவி இந்தப் பக்கம் படிப்பதில்லை. இரண்டு பழைய பென்னிக் காசு, ஒரு சின்ன மரத்துண்டு. அதன் மேல் காசுகளை வைத்து மேலே வீசுவார்கள். இரண்டும் தலையா, இரண்டும் பூவா என்று பந்தயம். ஒன்று தலை ஒன்று பூ என்றால் திரும்ப வீசு. சூதாட்டச் சட்டம் ஆயிரம் உள்ள நியூ சவுத் வேல்ஸில் ஆன்ஸாக் தினம் மாதிரி சில நாட்களில் மதுக்கடையில் இதை ஆடலாம், ஏனென்றால் அந்தப் பையன்கள் பதுங்குகுழியில் ஆடினார்கள். காலையில் அழுத ஊர் மத்தியானம் காசு வீசிக் கத்துவது எனக்கு முதல் வருஷம் அசிங்கமாகப் பட்டது. ஊரில் கிழவர் செத்தால் பறை அடித்து ஆடிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏன் அப்படிப் பட்டது என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. நாற்பது டாலர் போச்சு.

28 ஏப்ரல்

இரண்டு விஷயம், இரண்டும் எனக்கே உறுத்தல்.

கலிப்போலியில் துருக்கியர் பக்கம் படை நடத்தி, பின்னால் துருக்கியின் முதல் அதிபரான அட்டாதுர்க் சொன்னதாக ஒரு வாசகம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், உங்கள் பிள்ளைகள் இப்போது எங்கள் பிள்ளைகள் என்ற பொருளில். 2015இல் வேறொரு இடத்தில் நான் அதை உருகி உருகி எழுதினேன். 1934இல் அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு அந்தக் காலத்து எழுத்துச் சான்று இல்லை என்று வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். நல்ல வரி. நல்ல வரி என்பதாலேயே யாரும் கேள்வி கேட்கவில்லை.

இரண்டாவது, இந்த மண்ணின் முதல் குடிகள். வெள்ளையர் நிலம் பிடித்தபோது இங்கேயே செத்தவர்களுக்கு இந்த நாளில் இடம் உண்டா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. படையில் சேர்ந்து திரும்பி வந்த முதல் குடி வீரர்களுக்கு, மற்ற வீரர்களுக்குக் கொடுத்த நிலம் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ரெட்ஃபெர்னில் 2007லிருந்து அவர்களுக்காகத் தனி ஊர்வலம் நடக்கிறது. பதினைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் நான் ஒரு முறைகூடப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், மத்தியானம் எங்கே இருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

1 மே

பதக்கம் பற்றிக் கேட்டவருக்கு. தன்னுடையது இடது மார்பில், தாத்தா பாட்டனுடையது வலது மார்பில். 2009இல் பார்த்த பெரியவர் இரண்டு பக்கமும் அணிந்திருந்தார் என்று எழுதியிருந்தேன். வலது பக்கம் இருந்தது அவர் அப்பாவுடையது.

என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார், ‘தம்பி’ என்று கூப்பிடும் படை. பர்மாவில் பாலம் கட்டினார். வெண்கல நட்சத்திரம் ஒன்று கொண்டுவந்தார், அப்பா சின்ன வயதில் அதை வைத்து விளையாடியிருக்கிறார். தாத்தா போன பிறகு பாட்டி அதைப் பழைய பித்தளையோடு போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிவிட்டாள். தெரியாமல் செய்தாள் என்று அப்பா சொல்வார். தெரிந்தே செய்தாள் என்பது அத்தையின் கட்சி. ஆறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம் கடிதம் போடாத மனிதருக்குச் சர்க்கார் கொடுத்த தகரம் என்பாளாம்.

தூக்கு இன்னும் இருக்கிறது. அப்பா அதில்தான் பால் வாங்குகிறார்.

12 நவம்பர் 2024

நேற்று பதினொன்றாம் மாதம், பதினொன்றாம் தேதி, பதினொரு மணி. முதல் உலகப் போர் நின்ற நேரம். ஏப்ரலுக்கு ரோஸ்மேரி (கலிப்போலி மேட்டில் தானாகவே வளரும் செடி), நவம்பருக்குப் பாப்பி. சட்டையில் எதைக் குத்துவது என்று குழம்புபவர்கள் தேதியைப் பாருங்கள்.

மகனோடு ஹைட் பார்க் நினைவு மண்டபத்துக்குப் போனேன். மேல் கூரையில் 1,20,000 பொன் நட்சத்திரம், இந்த மாநிலத்திலிருந்து முதல் போருக்குப் போனவர்களைக் குறிக்க. 2018இல் கீழே புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். படையில் சேர்ந்தவர்கள் எந்தெந்த ஊர்ப் பெயரை முகவரியாகக் கொடுத்தார்களோ அந்த 1,701 இடங்களிலிருந்து ஒவ்வொரு பிடி மண் எடுத்து வந்து, சுவர் முழுக்க வரிசையாக, ஊர்ப் பெயரோடு. சிவப்பு, கறுப்பு, சாம்பல், கடற்கரை மணல்.

‘இது என்னப்பா?’ என்றான் மகன். பிடிமண் என்றேன். என் பாட்டனார் காலத்தில் ஊரை விட்டு வந்தபோது குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு வந்து புது ஊரில் கோயில் கட்டினார்கள் என்று சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்காமல் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். பரமட்டாவைக் கண்டுபிடித்தான். மண் பழுப்பாக இருந்தது. எங்கள் தோட்டத்து மண் மாதிரியே இருக்கிறது, எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். காவலர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், கூடாது என்று.

12 நவம்பர், மாலை

முதல் கேள்வி கேட்டவர் இப்போதுதான் எழுதியிருக்கிறார். ஏப்ரலில் போனாராம், கூட்டத்தில் மேனேஜரைப் பார்த்தாராம், இருவரும் ஒன்றும் பேசவில்லையாம். நேற்று ஆபீசில் பதினொரு மணிக்கு எழுந்து நின்றபோது மேனேஜர் இவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாராம்.

ஏலக்காய் அளவு கேட்டிருக்கிறீர்கள். ஒரு கப் ஓட்ஸுக்கு இரண்டு காய், தோலை எடுத்துவிட்டுப் பொடி செய்து.